யோலெத் மகளை மண்டியிடச் சொன்ன நாள்

யோலெத் என் தோழி என்பதால் அவளைப் பற்றி நல்லதாகவே சொல்வேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இந்த பிரிட்ஜ்போர்ட்டில் இருக்கும் எங்கள் ஹெய்ட்டிக்காரர்களில் அவளைப் போல் பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் பதினோரு வருடமாகக் கிழவர்களைக் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்க வைத்து இடுப்பு ஒடிந்தவர்கள். அவள் மகள் விட்லினுக்கு நான்தான் ஞானத்தாய். அந்த உறவில் நானும் யோலெத்தும் ஒருவரையொருவர் ‘கோமே’ என்று கூப்பிடுவோம். பிள்ளை என்னை ‘மாரென்’ என்பாள்.

யோலெத்தின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பணம் கட்டவில்லை என்று மூன்று முறை பள்ளி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்களாம். நான்காம் முறை அவளே போகவில்லை. அப்படிப்பட்டவளுக்கு, குலுக்கல் போட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் மேக்னட் பள்ளியில் மகள் பெயர் விழுந்ததென்று கடிதம் வந்தால் கால் தரையில் நிற்குமா? அரசுப் பள்ளி, காசு கிடையாது. நகரத்துப் பிள்ளைகள் பாதி, சுற்றியுள்ள வசதியான ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பாதி. ஆய்வுக்கூடம் என்ன, நீச்சல்குளம் என்ன! கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கே கொண்டு வந்து பாதிரியாரை வாசிக்க வைத்தாள். இரண்டாம் பூசைக்கு வந்தவர்களுக்காக இன்னொரு முறை. வெட்கம் என்பதே கிடையாது.

விட்லின் சேர்ந்த முதல் மாதமே பள்ளிக்காரர்கள் அவளைப் படம் எடுத்தார்கள். ஒரு பக்கம் வெள்ளைக்காரப் பையன், மறுபக்கம் சீனப் பெண், நடுவில் கண்ணாடிக் குடுவையோடு எங்கள் பிள்ளை. அந்தப் போஸ்டர் பஸ்களின் முதுகில் ஏறி ஊரெல்லாம் சுற்றியது. படத்தில் இருந்த மற்ற இருவரும் அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ். கணக்கில் கெட்டிக்காரி என்று மேல் பிரிவில் போட்டார்கள்; அங்கே நகரத்துப் பிள்ளை அவள் ஒருத்திதான். மற்றவர்கள் பால்வாடியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள். சாயங்காலம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் காரில் போவார்கள். இவளுக்கு மூன்று மணிப் பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை. எங்கள் தெருவிலோ பழைய சிநேகிதிகள், “போஸ்டர்காரி வர்றா, வழி விடுங்கடி!” என்று ஒதுங்கிக் காட்டினார்கள். அங்கேயும் ஒட்டவில்லை, இங்கேயும் ஒட்டவில்லை.

இரண்டாம் வருடம் அக்டோபரில் ஒரு நாள், நான் அவர்கள் அடுப்படியில் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருக்கும்போது, அம்மாவிடம் கேட்டாள்.

“அம்மா, நான் நம்ம தெரு ஸ்கூலுக்கே போயிடறேனே. அங்க எனக்குன்னு யாருமே இல்லம்மா.”

“தம்பிய நெனச்சுப் பார்த்தியா?”

ஜெஃப்தே அப்போது எட்டாம் வகுப்பு. அக்காவோ அண்ணனோ அந்தப் பள்ளியில் இருந்தால் குலுக்கலில் பின்னால் வருகிறவனுக்கு முதல் உரிமை. ஆனால் பிப்ரவரியில் குலுக்கும் நாளன்று அக்காவின் பெயர் பள்ளிப் பதிவில் இருக்க வேண்டும். விலகிவிட்டால் அவனும் ஆயிரத்துச் சொச்சம் பெயரோடு ஒரு பெயர், அவ்வளவுதான்.

“பிப்ரவரி வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. அப்புறம் உன் இஷ்டம்,” என்றாள் யோலெத். “என்னை வாசல்லயே நிறுத்தினாங்க. உன்னை உள்ள கூப்பிட்டுப் படம் புடிச்சு ஒட்டியிருக்காங்க. என்னடி கொறை உனக்கு?”

விட்லின் என்னைப் பார்த்தாள். நான் வாழைக்காயைத் திருப்பிப் போட்டேன். என் எண்ணமும் அதுதான், பொய் சொல்வானேன்.

டிசம்பர் முதல் வாரம் பள்ளியிலிருந்து போன் வந்தது. பிள்ளைகளின் நலம் பார்க்கும் ஆலோசகர் மிஸ் ஹாலரன் பேசினாள். விட்லினைப் பற்றிப் பேச வேண்டும், நேரில் வர முடியுமா என்றாள். எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் பெற்றவளைக் கூப்பிட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: பிள்ளை ஏதோ செய்துவிட்டது. பெற்றவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நிற்க வேண்டும். யோலெத் பூசைக்குப் போடும் நீல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். ஆங்கிலம் பேசுகிறவள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“என்ன செஞ்சிருப்பா, கோமே? எதையாவது எடுத்திருப்பாளோ?”

“அவளா? எறும்பக்கூட மிதிக்க மாட்டா.”

“அப்ப எவனோ ஒரு பையன்தான். வரட்டும், இருக்கு அவளுக்கு!”

அறையில் விட்லின் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மிஸ் ஹாலரன் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் யோலெத் மகளைப் பார்த்து விரலை நீட்டினாள்.

“மண்டி போடு. டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளு.”

எதற்கென்று விட்லின் கேட்கவில்லை. பதினைந்து வயதுப் பெண், நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் மண்டியிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். எங்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நானும் மண்டியிட்டு வளர்ந்தவள்தான். ஆனால் மிஸ் ஹாலரன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

“எழுந்திரும்மா, எழுந்திரு! நீ ஒரு தப்பும் செய்யலையே!”

விட்லின் அசையவில்லை. மண்டியிடச் சொன்னவர் சொல்லாமல் எழக் கூடாது.

“இவமேல யாரும் புகார் சொல்லலைங்க,” என்று என் பக்கம் திரும்பினாள் மிஸ் ஹாலரன். “மார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. செப்டம்பர்லேருந்து இவ சாப்பாட்டு ஹாலுக்கே வர்றதில்ல. ஜிம்முக்குப் பின்னாடி இருக்கிற பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்து சாப்பிடறா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

நான் அதை எங்கள் மொழியில் சொன்னேன். சொல்லும்போதே என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யோலெத் தினமும் நாலரை மணிக்கு எழுந்து கட்டிக் கொடுக்கும் பயறுச் சோறு அது.

“பாத்ரூம்லயா?” என்றாள் யோலெத். “ஏண்டி?”

“அங்க யாரும் பார்க்க மாட்டாங்கம்மா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொன்னேனேம்மா. அக்டோபர்ல.”

பிள்ளை இன்னும் தரையில்தான் இருந்தாள். ஞானத்தாய்க்கும் அந்த அதிகாரம் உண்டு. நான்தான், “எழுந்திரு கண்ணு,” என்றேன்.

அவள் எழுந்ததும் யோலெத் என்னிடம், “விலகுற பேப்பர் கேளு, கோமே,” என்றாள். அவசரப்பட வேண்டாம், துணைக்குப் பிள்ளைகளைச் சேர்த்து விடுகிறோம், கொஞ்ச நாள் பாருங்கள் என்று மிஸ் ஹாலரன் எவ்வளவோ சொன்னாள். பள்ளிக்காரர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டியே பழகியவள் யோலெத். அன்றுதான் முதல் முறையாக மாட்டேன் என்று தலையசைத்ததைப் பார்த்தேன். பேப்பர் வந்தது.

“வேண்டாம்மா,” என்று விட்லின் அதன் மேல் கையை வைத்தாள். “இன்னும் ஒம்பது வாரந்தான். நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். குலுக்கல் முடியட்டும்.”

“கைய எடு.”

“ஜெஃப்தேக்குக் கெடைக்காதும்மா!”

“கெடைக்காட்டிப் போவுது.”

யோலெத் அந்தக் கையை விலக்கிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத விட்லின், அப்போதுதான் உடைந்து அழுதாள்.

“அப்ப இத்தன நாளு நான் எதுக்கும்மா அங்க உக்காந்திருந்தேன்?”

யோலெத் பேனாவைக் கீழே வைக்காமல் நின்றாள். பிள்ளை என்ன சொன்னாள் என்று மிஸ் ஹாலரன் என்னைக் கேட்டாள். மொழிபெயர்க்கத்தான் நான் போயிருந்தேன். அதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.