ஆடக்கூடாத செயின்

தெருவில் அவருக்கு வைத்த பெயர் டைட்டு. சின்னக் கடை வைத்துப் பேட்மிண்டன் மட்டைகளுக்கு நரம்பு கட்டுவது தொழில். இருபது வருடமாக இழுத்து இழுத்தே பழகிய கை, வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? அவர் மூடிய குழாயை வேறு யாராலும் திறக்க முடியாது. அவர் ஷூ லேஸ் கட்டிவிட்டால் மகள் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நொண்டுவாள். "கொஞ்சம் தளர்த்தித்தான் தொலைங்களேன்!" என்று மனைவி கத்துவாள். மனிதர் காதில் வாங்கினால்தானே!

அந்தக் கையில் பாவம், ஒரு மோட்டார் சைக்கிளின் செயினும் மாட்டிக்கொண்டது. ஞாயிறு தவறாமல் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துவார். பழைய டூத் பிரஷ்ஷால் செயினின் அழுக்கைச் சுரண்டி, துடைத்து, எண்ணெய் விடுவார். பெற்ற மகளைக்கூட அப்படிக் குளிப்பாட்டியதில்லை. கடைசியில் ஸ்பேனரை எடுத்துப் பின்சக்கரத்தை இழுத்து, செயின் நூலளவுதான் ஆடும் என்ற நிலை வரும்வரை முடுக்குவார். தொங்கும் செயினைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

இவ்வளவு சீராட்டியும் அது எட்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டவில்லை. மனைவியின் தம்பி வண்டியிலோ லொடலொடவென்று ஆடிய செயின் இருபதாயிரம் ஓடிவிட்டது.

"மாப்ள, நீ என்னதான் பண்றே? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் இல்ல மாமா. ஞாபகம் வந்தா எண்ணெய் விடுவேன். அவ்வளவுதான்."

அன்று டைட்டுக்கு வேலையே ஓடவில்லை. இதென்ன கூத்து?

கூத்து என்று விட்டுவிடவும் முடியாது. மனைவிக்குப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. ஒரு வருடம் தற்காலிகம், அப்புறம் நிரந்தரம். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மதியம் திரும்பி வரப் பஸ் உண்டு; காலையில் அந்த நேரத்துக்குக் கிடையாது, முப்பது கிலோமீட்டரும் இவர்தான் கொண்டுபோய் விட வேண்டும். முதல் மாதமே பழைய செயின் நடுவழியில் அறுந்தது. ஆறாம் மாதம் அடுத்ததும் அறுந்தது. "இன்னொரு தடவை லேட்டானா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று மேற்பார்வையாளர் கையை விரித்துவிட்டார்.

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் காலை, புதுச் செயினும் முனக ஆரம்பித்தது. முந்தைய இரண்டும் அறுவதற்கு முன்னால் போட்ட அதே முனகல்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. மனைவியை முன்னால் நகர்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இறங்கிக் குனிந்து செயினில் விரலை வைத்தார். கட்டி முடித்த மட்டையின் நரம்பு மாதிரி விறைத்து நின்றது. என்னடா இது, ஞாயிற்றுக்கிழமை நூலளவு ஆடியதே!

"கொஞ்சம் எறங்கு."

இறங்கினாள். செயின் லேசாகத் தளர்ந்தது.

"ஏறு."

மறுபடி விறைத்தது.

"எறங்கு."

"மானம் போகுதுங்க!"

பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, அண்ணிய எடை போடறீங்களா?"

டைட்டு சிரிக்கவில்லை. ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழ்கிறது. தாழத் தாழச் செயின் இழுபடுகிறது. காலி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி முடுக்கினால், இரண்டு பேர் ஏறிப் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அது எங்கே போகும்? அளவு மீறி இழுத்தால் மட்டையே உடைந்துவிடும் என்று வாடிக்கையாளர்களிடம் வாய் கிழியச் சொல்கிறவர் அவர். தன் வண்டியில் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

கேட் திறந்தது. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். டைட்டு மட்டும் வண்டியை ஓரம் கட்டி ஸ்பேனரை எடுத்தார்.

"வேலையே போகப்போகுது, இப்பவா பிரிச்சுப் போடறீங்க?"

"இப்படியே ஓட்டினா வழியில அறுந்துடும். பத்தே நிமிஷம்."

இரண்டு விரல் அளவு ஆட்டம் வைத்து, சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா என்று பார்த்து, நட்டை இறுக்கினார். வண்டி கிளம்பியதும் முனகல் பாதியாகக் குறைந்திருந்தது.

"ரெண்டு தடவையும் உன்னை லேட்டாக்கினது செயின் இல்ல" என்றார். "நான்தான்."

ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி ஒரே ஓட்டமாக ஓடினாள்.

அதன் பிறகு ஒரு நாளும் தாமதமில்லை. வருடம் முடிந்த அன்று மதியம் அவரே வண்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்திருந்தார்; அவள் கையில் ஒரு தாளோடு வந்தாள். நிரந்தரம்! டைட்டு ஆஸ்பத்திரி வாசல் என்றும் பாராமல் கத்திவிட்டார்.

"இன்னொண்ணு" என்றாள். "நிரந்தர ஆளுங்களுக்கு வேன் உண்டாம். தெரு முனைக்கே வருமாம். இனி நீங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து அலைய வேண்டாம்."

"நல்லதாப் போச்சு" என்றவர், தேவையே இல்லாமல் குனிந்து செயினைப் பார்த்தார். ஒரு வருடம், தினமும் முதுகுக்குப் பின்னால் அவள் பேச்சு. பிறகு நிமிர்ந்தார். "எனக்கு என்னவோ போல இருக்கு."

அவள் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தான். அதான் வேன் காலையில மட்டும் போதும்னு எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு மணிக்கு வேலை முடியும்போது நீங்க வாங்க. கடையை ரெண்டு மணி நேரம் மூடினா குடி ஒண்ணும் முழுகிடாது."