பதினாறாம் தட்டுக் கடலை

என் தங்கைக்கு நான் வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிவிடுவாள். அப்படிப்பட்டவள் நாலு மாதம் ஒரு தப்பை மனதுக்குள் பூட்டிவைத்திருக்கிறாள், ஒரே வீட்டில் இருக்கும் எனக்கே தெரியவில்லை பாருங்கள்!

விதை ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. நாற்றுகளை நட்டு, தட்டுக்கு எண் எழுதிய சீட்டைச் செருக வேண்டும். நிலக்கடலையில் ஒவ்வாமை தரும் மரபணுக்களை மட்டும் வெட்டி, புது ரகம் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அது பதினாறாம் தட்டு. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சாதாரணக் கடலை பதினேழு. அவள் மகளுக்கு ஒரு பருப்பு போதும், தொண்டை அடைத்துவிடும். அதனால் அந்த நாற்றுகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் தட்டுகளை இடம் மாற்றும்போது இரண்டு சீட்டுகளும் கழன்று விழுந்தன. நாற்றெல்லாம் அச்சு அசலாக ஒரே மாதிரி. சொன்னால் வேலை போய்விடுமென்று நடுங்கி, குத்துமதிப்பாகச் செருகிவிட்டாள்.

கடலை விளைந்தது. சோதனைக்குப் போகும் முன்பே, அங்கே வண்டி ஓட்டும் அவள் புருஷன், மகளும் ஒரு தடவை கடலை தின்னட்டுமே என்று ரகசியமாக நாலு கடலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். நானும் தங்கையும் மாடியில் துணி எடுத்துவிட்டு இறங்கினால், பிள்ளை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறாள், தரையில் கடலைத் தோல்.

"துப்புடி! துப்பு!"

"ஏன் இப்படிக் கத்துற? பதினாறுதான். உன் கையெழுத்தைப் பார்த்துத்தானே எடுத்தேன்?"

"ஐயோ, அது நான் குருட்டாம்போக்குல செருகுனதுங்க!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளையின் உதடு தடித்தது, மூச்சு இழுத்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயந்தாங்கொள்ளிதான் அலமாரியிலிருந்த அவசர ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினாள். ஆஸ்பத்திரி போகும்வரை அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிழைத்துக்கொண்டாள். ரெண்டு நாள் கழித்து, வேலை போனால் போகட்டும் என்று தங்கை ஆராய்ச்சியாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நானும் கூடப் போயிருந்தேன். அந்தம்மா திட்டவில்லை. பிள்ளை எப்படியிருக்கிறாள் என்றும் கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ பதினேழுதான் நம்ம கடலை! சீட்டை மாத்தி எழுதிடும்மா."

நீட்டிய பேனாவை என் தங்கை வாங்கவில்லை.

"நான் எழுத மாட்டேம்மா. சோதிச்சுப் பார்க்காம எழுதினா இதுவும் குருட்டாம்போக்குதான். இன்னொருத்தி அதை நம்பித் தன் பிள்ளை வாயில வச்சிடுவா."