பகலில் தூங்குகிறவர்களின் வெப்பம்

2024 மே 15, புதன், மதியம் ஒன்று இருபது. மேகம் ஒரு துண்டுகூட இல்லை. வெளியே முப்பத்தாறு டிகிரி. ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட வாடகை வரிசையின் ஏழாவது அறைக்குள், நான் மாட்டியிருந்த வெப்பமானியைக் கழற்ற நுழைந்தேன். ஜன்னல் இல்லாத இருட்டில் ஓர் இளைஞனின் காலை மிதித்துவிட்டேன்.

"பாத்து சார்! நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் கண்ண மூடினேன்."

நான்கு பேர் தரையில் வியர்வையில் ஊறிக் கிடந்தார்கள்.

அறுபத்தாறு வயதில், பெங்களூரில் பருவநிலை மாற்றம் பற்றிய முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தேன். இரண்டு துறைக்காரர்கள் சேர்ந்துதான் ஆய்வு செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டில் இருந்த எனக்கு அளவு. சமூகவியல் படித்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்குப் பேட்டி. கேள்வி ஒன்றுதான்: தொழிலாளர்கள் தூங்கும்போது அறை எவ்வளவு சுடுகிறது? பத்து அறைகளில் கருவி மாட்டினேன். பேட்டரி மிச்சமாகட்டும் என்று இரவு பத்து முதல் காலை ஐந்து வரை மட்டும் பதியவிட்டேன். அவள் ஞாயிறுகளில் பேட்டி எடுத்தாள். அன்று எல்லோரும் விழித்திருந்தார்கள்.

நாற்பத்தைந்து இரவுகள் நான் அளந்ததில் பாதி, ஆளில்லாத பாய்கள்.

"முப்பத்தொரு வருசமும் ஜெனரல் ஷிப்ட். ராத்திரில தூங்காதவன் இருப்பான்னு உங்களுக்கு எங்க தெரியப் போகுது?" என்றாள் மனைவி.

தலைப்பில் 'இரவு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், பட்டம் வந்துவிடும் என்றார் பேராசிரியர். மறுபடி அளக்க அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இடது கண்ணில் புரை. மூன்றையும் எண்ணிப் பார்த்தேன். பிறகு, தலைப்பை மாற்ற முடியாது, மறுபடி அளக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"நான் முடிச்சுட்டு வேலைக்குப் போகணும் அங்கிள்," என்றாள் அந்தப் பெண். அவளுடைய பாதியைத் தனியாக ஏற்றுக்கொண்டார்கள். "அடுத்த மே மாசம் சனிக்கிழமைல வரேன். நீங்க உயிரோட இருங்க, அது போதும்."

இருந்தேன். வந்தாள். இம்முறை கருவிகள் இருபத்துநான்கு மணி நேரமும் பதிந்தன. யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று அவள் கேட்டுக் குறித்தாள். ஏழாவது அறையில், மதியம் இரண்டு மணிக்கு, நான் மிதித்த இளைஞனின் தலைமாட்டில் நாற்பத்தொன்று.

"நெஜமாவே அவ்ளோவா சார்? எனக்குத்தான் ஒடம்பு செரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அந்த எண்ணை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் போட்டேன். கட்டணம், பஸ், பேட்டரி எல்லாம் சேர்த்து அந்தக் கூடுதல் வருடத்துக்கு ஆனது முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.