வேண்டா காத்த மூட்டை

வேண்டா கோணி ஊசியில் சணலைக் கோத்து, பிரேதப் பரிசோதனை முடிந்த ஒரு கிழவரின் மார்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். இழுத்துத் தைத்தால் தோல் கிழியும். தளர விட்டால் வீடு போவதற்குள் பிரிந்து, வீட்டார் பயந்துபோவார்கள். இரண்டுக்கும் நடுவே தைக்க அவள் கை பழகிப் பதினைந்து வருடம் ஆகிறது.

ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வேண்டா என்று பெயர் வைத்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிணவறை ஊழியராக இருந்த புருஷன் 1989இல் செத்துப்போக, கருணை அடிப்படையில் அந்த வேலையையே அவளுக்குக் கொடுத்தார்கள். பொம்பளைக்கு இது ஆகுமா என்று கேட்ட டாக்டர்களே இப்போது அவள் லீவு போட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

எஸ்.ஐ. உலகநாதன் வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். “வேண்டாம்மா, ரிசல்ட் வந்துடுச்சு. சேரல.”

ஊசி நின்றது. “இன்னா சார் சேரல? நல்லா பாத்தாங்களா?”

“மெட்ராஸ்ல மெஷின் பாத்துது. முனியம்மா ரத்தத்துக்கும் அந்த எலும்புக்கும் தாய்–புள்ள உறவு இல்லயாம். வெள்ளிக்கிழமை ஆளுங்க வருவாங்க. அனாதைன்னு புதைச்சிடலாம்.”

அவர் சொன்னது உள்ளறையின் மேல்தட்டில் இருந்த மூட்டையைப் பற்றி. 1999இல் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் கிடைத்த எலும்புகள். செத்து எத்தனை நாள், எப்படிச் செத்தான், எதுவும் தெரியவில்லை. வேண்டா தன் பழைய புடவையைக் கிழித்துக் கட்டி வைத்தாள். வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விடுவாள். மருந்துத் தண்ணீரில் போட்டு வைக்கலாமே என்று ஒரு புது டாக்டர் சொன்னபோது, “ஊறின எலும்பு பேசாது, யாருன்னு சொல்லாதுன்னு ஒங்களுக்கு முன்னாடி இருந்த டாக்டர் சொல்லிக்கீறாரு” என்று மூட்டையைத் தூக்கி இன்னும் உயரத்தில் வைத்துவிட்டாள்.

அது பேசும் காலம் ஐந்து வருடம் கழித்து வந்தது. உலகநாதன் பழைய கோப்புகளைப் புரட்டியபோது, கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து முனியம்மா 1997இல் கொடுத்த புகார் அகப்பட்டது. மகன் கண்ணாயிரம், வயது இருபத்திரண்டு, சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். பத்து வயதில் கட்டுமரத்திலிருந்து விழுந்து, கழுத்தடியில் தோளைத் தொடும் இடது காறை எலும்பு முறிந்தவன். மூட்டையிலும் இடது காறை எலும்பில், ஒட்டிய இடம் முடிச்சுப் போலத் திரண்டிருந்தது. அதனால்தான் முனியம்மாவின் ரத்தத்தை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

வெளியே பெஞ்சில் முனியம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்று ஏழு வருடமாக வீட்டுக் கதவுக்குத் தாழ் போடாதவள்.

“எனுக்குத் தெரியும் தங்கச்சி. என் தவுடன் எங்கியோ உயிரோட கீறான்.”

தவுடன் என்ற பெயர் வேண்டாவின் காதில் நின்றது. அந்தப் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்தது பிறந்தால், அதை முறத்தில் போட்டு இன்னொருத்திக்கு விற்பார்கள். வாங்குகிறவள் விலையாக ஒரு முறம் தவிடு கொடுப்பாள். விற்றுப்போன பிள்ளையை எமன் தேடிவர மாட்டான். பொழுது சாய்வதற்குள் பெற்றவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எல்லாம் பாசாங்குதான்; ஆனால் தவிட்டுக்குப் போன பிள்ளைக்குத் தவுடன் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும்.

வேண்டா கையைக் கழுவிவிட்டு அவளை உள்ளறைக்கு அழைத்துப்போய் டீ கொடுத்தாள். “யக்கா, தவுடன்னியே. நீ வித்தவளா, வாங்கனவளா?”

முனியம்மாவின் சிரிப்பு போயிற்று. “ரத்தம் குடுக்கறப்ப கேட்டாங்க. நான்தான் பெத்தேன்னு சொன்னேன். இப்பவும் அதான்.”

“அது அவங்க கேட்டதுக்கு. நான் கேக்கறதுக்குச் சொல்லு.”

“உன் பேரே வேண்டா. புள்ள வேணும்னு ஏங்கனவ கஷ்டம் உனுக்கு இன்னா தெரியும்?”

“தெரியாது. அதான் கேட்டுக்கினு கீறேன்.”

வேண்டா மூட்டையை இறக்கி, காறை எலும்பை எடுத்து அவள் கையில் வைத்தாள். முனியம்மாவின் கட்டைவிரல் நேரே அந்த முடிச்சுக்குப் போனது. எண்ணெய் தேய்ப்பதுபோல மேலும் கீழும் இரண்டுமுறை ஓடி, அங்கேயே நின்றது.

“நாத்தனா பெத்த புள்ள,” என்றாள். “தவுட்டுக்குத்தான் வாங்கனேன். அவுளுக்கு அப்பப் பாத்து ஜுரம், பாலு இல்ல. என்கிட்டயே இருந்துட்டான். ரெண்டு வருசம் கழிச்சு அவ வந்து கூப்ட்டா, புள்ள போவல. ஆரு பெத்ததுன்னு வாயத் தொறந்து சொன்னா எமனுக்குக் கேட்டுடும், சொல்லவே கூடாதுன்னு ரெண்டு பேரும் ஆத்தா கோயில்ல சத்தியம் பண்ணோம். நான் எப்டி சொல்லுவேன்?”

“இது அவன்னா, எமன் கேட்டு முடிச்சாச்சு. அவன் இல்லன்னா கவலப்படாத. இந்தக் கதவு தடிமன், ஒண்ணும் வெளிய கேக்காது.”

முனியம்மா டீயைத் தொடாமல் எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்தபோது பிணவறைச் சாவியைக் காணோம். வேண்டாவும் அவர்களோடு சேர்ந்து மேசைக்கு அடியிலெல்லாம் தேடினாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. உலகநாதனுக்குச் சந்தேகம்தான். இருந்தும், “திங்கக்கிழமைக்குள்ள கெடைக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை முனியம்மா நாத்தனார் தேசம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தேசம்மா கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்துச் சோதனை சேர்ந்தது.

மூட்டையை ஒப்படைக்கும்போது உலகநாதன் காகிதத்தில் ‘தாய்’ என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டித் தேசம்மாவைக் கைநாட்டு வைக்கச் சொன்னார். அவள் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“வாங்கிக்கம்மா.”

“நான் வித்துட்டேன் சார். வித்தத எப்டி வாங்கறது? அண்ணிகிட்ட குடு.”

முனியம்மா முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். வேண்டாவின் பழைய புடவையை மாற்ற வேண்டாம் என்றாள். அன்று மாலையே குப்பத்து இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் காலை பால் தெளிக்க வேண்டாவைக் கூப்பிட்டிருந்தார்கள். டூட்டி இருந்ததால் அவள் போகவில்லை. மேல்தட்டை பினாயில் போட்டுத் துடைத்து, கீழே ஈரம் ஏறிக்கொண்டிருந்த இன்னொரு மூட்டையை அங்கே ஏற்றினாள். பத்து மணிக்கு உலகநாதன் வேறொரு தாயை ரத்தம் கொடுக்கக் கூட்டிவந்தார். வேண்டா அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மாளை உட்காரவைத்து டீயைக் கையில் கொடுத்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

“மொதல்ல ஒண்ணு சொல்லு யக்கா. பெத்த புள்ளயா, வளத்த புள்ளயா?”