ரெண்டு சாவி

மாவு மில்லில் அவருக்கு டமாரம் என்று பெயர். இருபத்தாறு வருஷம் மிஷின் பக்கத்தில் நின்றதில் காது மந்தமாகிவிட்டது. “டமாரச் செவிடுன்னு முழுசாக் கூப்பிடாம பாதியோட விட்டாங்களே” என்று அவரே சிரிப்பார். வலது கை விரல்களும் ஒருதரம் பெல்ட்டில் சிக்கி மரத்துப்போனவை.

அண்ணன்தான் தன் அலாரம் வாட்சைக் கழற்றி அவர் கையில் கட்டினார். “காது கிடக்கட்டும் விடுடா. இது கைக்குக் கேக்கும்.”

கேட்டது. விடிகாலை நாலுக்கு மணிக்கட்டில் வண்டு புகுந்த மாதிரி குறுகுறுக்கும். எழுந்து சாமி கும்பிடுவார். வாட்சில் இரண்டு திருகு. கீழ்த்திருகு மணிக்கு, மேல்திருகு அலாரத்துக்கு. இரண்டுக்கும் தனித்தனியாகச் சாவி கொடுக்க வேண்டும். மரத்த விரலுக்கு அது பிடிபடாது. சாயங்காலம் அவர் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், சம்சாரம் இரண்டுக்கும் சாவி கொடுத்து வைப்பாள்.

போன வருஷம் வெளியூர் ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு. “உள்ள போறதுக்கு முன்னால தம்பி மொகத்தப் பாத்துடணும்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். மில் விட்டு வருவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. இனி விடிந்து ஐந்து மணி பஸ்தான். அதை விட்டால் எட்டுக்கு.

குளித்துக்கொண்டே கத்தினார்: “ஏம்மா, சாவி குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேங்க! ரெண்டும் குடுத்துட்டேன்!”

நிம்மதியாகப் படுத்தார். கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது.

அவரும் சம்சாரமும் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. “கடைசிவரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாருங்க” என்றாள் நர்ஸ். அண்ணன் உயிரோடு வெளியே வரவில்லை.

அன்று கழற்றிய வாட்சை மூன்று வாரம் யாரும் தொடவில்லை. பிறகு ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனார். அவர் திறந்து பார்த்து, காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னார்.

“என்னா வேலைப்பாடு பாருங்கண்ணே! மூடிக்குள்ள மூடி. இந்தக் குட்டிச் சுத்தி உள்மூடி ஆணியத் தட்டும். சத்தம் வெளிய வர வெளிமூடியில ஓட்ட. சுத்திக்குன்னு தனி ஸ்பிரிங். அதுல துளி முறுக்கு இல்ல. சாவி குடுக்காட்டி அது பாவம் என்ன பண்ணும்?”

ஊரிலிருந்து திரும்பிய அன்று பக்கத்து வீட்டு அக்கா, “இந்தாங்க ரெண்டும்” என்று நீட்டியது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலமே சம்சாரம் அக்காவிடம் கொடுத்து வைத்த மாற்றுச் சாவிகள்: வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று. வாட்சுக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கலாமே!

வீட்டில் சம்சாரம் காத்திருந்தாள். “என்னங்க கோளாறு? நாந்தான் ரொம்ப முறுக்கிட்டேனா?”

“சேச்சே, ஸ்பிரிங் ஒடஞ்சிருக்காம். இனிமே மணி மட்டுந்தான் காட்டுமாம்.”

“கடவுளே, என் கையால ஒண்ணுமில்லையே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய்தான். அதைத் தினமும் சாமியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்.

இப்போது அவள் கீழ்த்திருகுக்கு மட்டும் சாவி கொடுக்கிறாள். நாலு மணிக்கு அவளே தோளைத் தட்டி எழுப்புகிறாள்.

வாட்சின் அலாரம் முள்ளுக்கு விடிகாலை நாலும் சாயங்காலம் நாலும் ஒன்றுதான். மில்லில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வாட்சைக் கழற்றி, இடது கையால் தட்டுத்தடுமாறி மேல்திருகை முறுக்குவார். நாலானதும் குறுகுறுக்கும். மிஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது. அதன்மேல் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு, ஓடித் தீரும்வரை நிற்பார். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் விடிகாலையில் வீட்டில் அடித்துவிடும்.