முன்பாய்க்கு ஒரு பந்தல் கம்பு

பந்தல் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நமக்குக் காற்றுதான் எதிரி. மழை பெய்தால் கல்யாண வீட்டார் வானத்தைத் திட்டுவார்கள். காற்றில் பந்தல் சாய்ந்தால் நம்மைத் திட்டுவார்கள். அதிலும் கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடிக் காற்று, பந்தலைக் கட்டியவன் யார் என்று விசாரித்துக்கொண்டே வருவதுபோல வரும். அதனால்தான் துணியில் காற்றுப் போக வழி விடுகிறோம். கம்பை இறுக்கி, கட்டுக்கு மேல் கட்டுப் போடுகிறோம். பாதி ஆயுளை இப்படிக் கழித்த என்னிடம் ஒருவர், காற்றைப் பிடித்து வைக்க ஒரு கம்பு வேண்டும் என்று கேட்டார்.

கேட்டவர் உத்தமபாளையம் காதர் மைதீன் ராவுத்தர். குடும்பமே வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் கப்பல் வேலைக்குப் போய், ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மாப்ள என்பார். எங்கள் பக்கம் இதற்கு ரத்த சம்பந்தம் தேவையில்லை. அவர் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் பந்தல் போட்டவன் என்பதே போதும்.

ஒரே ஒரு கம்பு

மாமாவுக்குத் தண்ணீர் இல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. கொச்சியில் யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய சின்னப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றி, குமுளி மலைப்பாதை வழியாக இறக்கி, வைகை அணைக்குக் கொண்டுவந்துவிட்டார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "அனுமதி கெடைக்கலைனா அதே லாரியில திரும்பிப் போயிரணும்" என்று மட்டும் சொன்னார். ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் இது ஒரு வகை.

அணை இன்ஜினியர் ஒரு அம்மா. ஜெயமங்கலத்துக்காரர். சுருக்கமாகப் பேசுவார். "இன்ஜின் கூடாது. காத்துலயே மேக்க போயிட்டு, ஆறு மணிக்குள்ள படித்துறைக்கு வந்துரணும். அணைக்கு முன்னால மிதவை கட்டிருக்கு பாருங்க, அதைத் தாண்டுனீகன்னா அன்னைக்கே படகை எடுத்துட்டுப் போயிருங்க" என்று சொல்லி, சோதனை ஓட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் ஓட்டம் தோல்வி. போகும்போது மாமா நன்றாகத்தான் போனார். திரும்பும்போது படகு நகர மனமில்லாமல் வந்தது. ஆறு மணி தாண்டி இருட்டுகிற நேரத்தில் படித்துறையைத் தொட்டார். இன்ஜினியர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு இன்னொரு தடவை பாருங்க. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்று போய்விட்டார். லாரி கரையிலேயே புளிய மரத்தடியில் நின்றது. டிரைவர் கீழே பாய் விரித்துப் படுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

"மாப்ள, ஒரு கம்பு வேணும்."

"என்ன விசேஷம் மாமா? எத்தனை கம்பு?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒரு கம்புல துணிகூடக் காயப்போட முடியாதே மாமா."

"துணிதான்யா காயுது. காத்தில்லாம காயுது."

விஷயம் இதுதான். படகில் இரண்டு பாய்கள். பாய்மரத்துக்குப் பின்னால் பெரிய பாய், முன்னால் சின்னதாக முன்பாய். காற்று முதுகுக்குப் பின்னால் இருந்து அடிக்கும்போது பெரிய பாய் ஒரு பக்கம் விரிந்து, வருகிற காற்றை எல்லாம் வாங்கிக்கொள்ளும். அதன் மறைவில் மாட்டிய முன்பாய் ஈரத் துண்டு மாதிரித் தொங்கும். மாமா எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்: "மூத்த மருமகன் பந்தியில உக்காந்துட்டா சின்ன மருமகனுக்கு எலை போட எடமிருக்காதுல்ல, அது கணக்கா."

"அப்ப சின்னவரை எதிர் வரிசையில உக்கார வைக்கணும்."

"அதேதான். அவன் மூலையைப் புடிச்சு எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்த ஒரு கம்பு. அதுக்குன்னு இருந்த அலுமினியக் கம்பை கொச்சியிலேயே விட்டுட்டு வந்துட்டேன்."

வயிறு வைத்த பாய்

மறுநாள் மினி லாரியில் சவுக்கு, மூங்கில், இரும்புக் குழாய் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போனேன். மாமா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இத்தனையும் ஏத்துனா படகு அடியில போய் உக்காந்துக்கும். நீ வேற ஏறணும்."

"நானா? நான் எதுக்கு மாமா?"

"சுக்கானை நான் புடிச்சா கம்பை யாரு புடிக்கிறது, லாரி டிரைவரா?"

கடல் பயணப் புத்தகங்கள் நிறையப் படித்தவன் நான். அவற்றில் எல்லாம் புயல் வரும், திமிங்கலம் வரும். நீச்சல் தெரியாத பந்தல்காரர் எதிலும் வந்ததாக நினைவில்லை. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை ஒன்றை என் மேல் மாட்டினார்கள். கிளிப் போடும் இடத்தில் என் உடம்பு ஒத்துழைக்கவில்லை. கயிறு போட்டுக் கட்டிக்கொண்டேன்.

சவுக்கு கனம் என்று மாமா ஒதுக்கினார். இரும்பு, விழுந்தால் மிதக்காது. கடைசியில் எடுத்தது, பந்தலில் துணியை மேலே தள்ளித் தூக்க நாம் வைத்திருக்கிற மூங்கில் கம்பு. நுனியில் இரண்டாகப் பிரிந்த கவை இருக்கும் அல்லவா, அதுதான். பழக்கதோஷத்தில் கவையைப் பாயின் மூலையில் கொடுத்துத் தள்ளினேன். பாய் ஒரு உதறு உதறியது. கவை நழுவி, கம்பு திரும்பி வந்து என் தோளில் நலம் விசாரித்தது.

பிறகு கம்பைத் திருப்பினோம். கவை பாய்மரத்தை அணைத்துக்கொள்ள, மறுமுனையைப் பாயின் மூலை வளையத்தில் கட்டுவது என்று முடிவானது. மரத்தில் உராயாமல் இருக்கக் கவையில் சைக்கிள் டியூப் சுற்றினேன். மாட்டிப் பார்த்தால் நீளம் அதிகம். பாய் பலகை மாதிரி விறைத்து நின்றது. பந்தல்காரன் கண்ணுக்கு அது அழகு. மாமா தலையை ஆட்டினார்.

"பாய்க்குக் கொஞ்சம் வயிறு வேணும் மாப்ள. ஒனக்கு இருக்குல்ல, அதுல பாதியாச்சும்."

ஒரு முழம் அறுத்தேன். சரியாக வந்தது.

"கட்டுறப்ப ஒண்ணு பாத்துக்க. ஒரே இழுவையில அவுறணும்" என்றார்.

"என் கட்டு அவுறாது மாமா. கவலையே படாதீக" என்றேன்.

அவர் சொன்னதும் நான் சொன்னதும் நேரெதிர் என்பது இதைப் படிக்கிற உங்களுக்குப் புரிகிறது. அங்கே நின்றபோது எனக்குப் புரியவில்லை. அவர் என் திறமையைச் சந்தேகப்படுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

முதுகுக்குப் பின்னால் காற்று

பிற்பகல் புறப்பட்டோம். மேற்கே போகும்போது எதிர்க்காற்று. படகு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் குறுக்கும் நெடுக்குமாக ஏறிப் போனது. தலையைக் குனி என்றால் குனிந்தேன். அந்தப் பக்கம் உட்கார் என்றால் உட்கார்ந்தேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு இருக்கிற அளவு சுதந்திரம் எனக்கு இருந்தது.

தண்ணீர் ஒடுங்குகிற இடத்தில் படகைத் திருப்பினார். "இப்பக் கம்பை மாட்டு" என்றார். கவையைப் பாய்மரத்தில் பொருத்தி, புது நைலான் கயிற்றால் சுற்றி, குறுக்கே இன்னொரு சுற்று, அதன் மேல் இறுக்கு முடிச்சு. மறுமுனையில் வளையத்துக்கும் அதே மரியாதை.

முன்பாய் ஒருமுறை தயங்கியது. பிறகு எதிர்ப்பக்கம் புடைத்து எழுந்தது. இடப்பக்கம் பெரிய பாய், வலப்பக்கம் சின்னப் பாய். இரண்டு மருமகன்களும் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். படகுக்கு அடியில் தண்ணீர் சலசலத்தது. காற்றோடு போகும்போது காற்றே தெரிவதில்லை. சட்டை அசையவில்லை. தூரத்தில் ஒரு பரிசலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். காற்று எனக்குச் செய்த முதல் உபகாரம் இந்த ஓட்டம்தான். மாமா பாயையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இந்தப் படகு போய்விட்டால் இந்த முகமும் லாரியில் போய்விடும் என்று தோன்றியது.

ஆறு மணிக்கு இன்னும் நேரம் நிறைய இருந்தது. அணையின் சுவர் தெரிந்தது. அதற்கு முன்னால் வரிசையாக மிதவைகள். இடப்பக்கம் படித்துறையில் இன்ஜினியர் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"சரி மாப்ள, கம்பை எடு. திரும்பணும்."

முடிச்சில் கை வைத்தேன். அது கல்லாக இருந்தது.

பந்தலில் நாம் கட்டை எப்போது அவிழ்க்கிறோம்? விசேஷம் முடிந்த மறுநாள் காலை, காற்றில்லாத நேரத்தில். ஒருவர் கம்பைத் தூக்கிப் பிடித்துப் பாரத்தை வாங்கிக்கொள்ள, இன்னொருவர் அவிழ்ப்பார். இங்கே பாரத்தை வைத்திருப்பது காற்று. அதனிடம், கொஞ்சம் தூக்கிப் பிடி என்று சொல்ல முடியாது.

"என்னய்யா பண்ற?"

"அவுக்குறேன் மாமா."

"கம்பு நிக்கையில திருப்புனா கவுந்துரும். சீக்கிரம்!"

பாயைக் கீழே இறக்கினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பாயை ஏற்றி இறக்குகிற கயிறு பாய்மரத்தை ஒட்டித்தான் வருகிறது. அதையும் சேர்த்துத்தான் நான் கட்டியிருந்தேன். மாமா அதைப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"வெட்டு."

இடுப்பில் கத்தி இருந்தது. ஆனால் நம் தொழிலில் கம்பை அறுப்போம், துணியைக் கிழிப்போம், கயிற்றை மட்டும் வெட்ட மாட்டோம். முழுக் கயிறு அடுத்த பந்தலுக்கு ஆகும். துண்டுக் கயிறு எதற்கு ஆகும்? என் கை கத்திக்குப் போகாமல் முடிச்சுக்கே போனது. குனிந்து பல்லால் கடித்தேன்.

"வெட்டுய்யா!"

"புதுக் கயிறு மாமா…"

"ஏலே, வெட்றா!"

மாப்ள ஏலே ஆன கணத்தில் உறவு முடிந்து உத்தியோகம் தொடங்கியது. கப்பலில் எத்தனை பேர் அந்தக் குரலுக்கு ஓடியிருப்பார்கள் என்று தெரியவில்லை. என் கை கத்தியை எடுத்ததை நான்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வெட்டு, முனைக்கு ஒன்று. கம்பு துள்ளித் தண்ணீரில் விழுந்தது. முன்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. மாமா சுக்கானை ஒடிக்க, படகு ஒரு பக்கம் சாய்ந்து சுழன்று, காற்றுக்கு முகம் காட்டி நின்றது. கை நீட்டினால் மிதவையைத் தொட்டுவிடலாம். தொடவில்லை.

கம்பு மட்டும் நிதானமாக மிதந்து, மிதவைகளுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போய்விட்டது.

தீர்ப்பு

படித்துறையில் இறங்கினோம். இன்ஜினியர் அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பு தாண்டிருச்சே" என்றார்.

"கம்புக்கு நான் அனுமதி கேக்கலையே மேடம்" என்றார் மாமா.

அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"நேரத்துக்கு வந்துட்டீக. நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்தியும் காட்டிட்டீக. படகு இங்கனயே இருக்கட்டும்." மாமா கையெடுத்துக் கும்பிடப் போனார். "இருங்க, இன்னும் முடிக்கல" என்று என்னைப் பார்த்தார். "இவரு யாரு?"

"பந்தல்காரரு மேடம்."

"இவரு இனிமே ஏறக் கூடாது."

லாரி அன்று மாலை காலியாகத் திரும்பியது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை நிஜமாகவே. மாமா இப்போதும் படகோட்டுகிறார். நான் அந்தப் பக்கம் போனால் கரையில் நின்று கையாட்டுவேன். இன்ஜினியர் அம்மா உத்தரவை நான் மீறியதில்லை. மீற ஆசை வந்ததும் இல்லை.

தம்பிகளே, இதில் பாடம் ஒன்று உண்டு. உறுதியாகக் கட்டத் தெரிந்தால் பாதித் தொழில்தான் தெரியும். காற்று பாரத்தைப் பிடித்திருக்கும்போதே, பதறுகிற கையால், ஒற்றை ஆளாக அவிழ்க்க முடிகிற கட்டு ஒன்றாவது ஒவ்வொரு பந்தலிலும் இருக்க வேண்டும். நான் இப்போது காற்று வருகிற பக்கத்து மூலையில் அப்படித்தான் போடுகிறேன். இழுத்தால் துணி கீழே விழும். பந்தல் நிற்கும், அதற்குக் கீழே இருக்கிற ஆட்களும் நிற்பார்கள். அதுவும் அவிழவில்லை என்றால் வெட்டிவிடுங்கள். உங்களை ஏலே என்று கூப்பிட எல்லா இடத்திலும் ஒரு மாமா இருக்க மாட்டார்.