நான் வெளியே போனால் நிற்கும் ஃபாகர்

போன வாரம் ஒரு மத்தியானம். போத்தனூரில் என் செல்போன் ரிப்பேர் கடையில், யாருடைய போனையோ வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் போன் அடித்தது. ஆனைமலையிலிருந்து என் தங்கை ஜோதியின் வீட்டுக்காரர் குமரேசன்.

"ஏனுங்க மச்சா... ஃபாகரை எதுக்குங்க நிறுத்துனீங்க?"

தூக்கிவாரிப் போட்டது. நிறுத்தினேனா? நானா?

விஷயம் இதுதான். குமரேசன் பிராய்லர் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். இந்த வெயிலுக்கு ஷெட்டுக்குள் பனி மாதிரி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்வதுதான் ஃபாகர். உச்சி வெயிலில் அது நின்றால் கோழிகள் வாயைப் பிளக்கும், றெக்கையை விரிக்கும், அப்புறம் ஒவ்வொன்றாகச் சாயும்.

அந்த ஃபாகரை ஆட்டோமேட்டிக் ஆக்கிக் கொடுத்த மேதாவி யார்? அடியேன்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சுமுகமாகப் பிரிந்துவிட்டோம். ஆனால் யூடியூப் இருக்கிறதே! மோட்டார் ரூமில் ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்தேன். அதற்குள் ஒரு கன்டெய்னர். லாரியில் போகிற கன்டெய்னர் இல்லை... ஒரு புரோகிராமை அதற்கு வேண்டிய சாமான்களோடு தனி டப்பாவில் போட்டு மூடி வைப்பது. அதற்கும் 'ரூட்' என்கிற முதலாளி அதிகாரத்தைக் கொடுக்காமல், என் பெயரில் சாதாரண ஆளாக ஓடவிட்டேன். வாடகைக்கு இருப்பவர் சுவரை இடிக்க முடியாதே, அந்த மாதிரி. டப்பாவுக்குள் என்ன கூத்து நடந்தாலும் மொத்தக் கம்ப்யூட்டரும் கெடாது.

சூடு ஏறினால் டப்பா மோட்டாரைப் போடும். இறங்கினால் நிறுத்தும். நான் போத்தனூரில் உட்கார்ந்தபடியே, எஸ்எஸ்ஹெச் என்ற வழியாக லேப்டாப்பிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்துக்கொள்வேன்.

கெத்து தாங்கவில்லை. "இனி எதுக்குங்க மாப்ளே இந்தப் பழைய ஸ்விட்சு?" என்று, கையால் போடுகிற ஸ்விட்சையும் சுவரிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு வந்தேன்.

சில நாள் ஜம்மென்று ஓடியது. இப்போது இந்த போன்.

பதறிப்போய் லேப்டாப்பைத் திறந்தேன். உள்ளே நுழைந்தேன். பார்த்தால்... டப்பா ஓடிக்கொண்டிருக்கிறது!

"மாப்ளே, ஓடுதே!"

"இப்பத்தானுங்க வந்துச்சு. இத்தன நேரம் இல்லீங்க."

"கரண்ட் போயிருக்கும்."

"ஃபேன் ஓடுச்சுங்களே."

"அப்ப ஒயர் லூசு. பாருங்க."

தெரியாததையெல்லாம் ஒயர் மேல் போடுவது எங்கள் ரிப்பேர் தொழிலின் பாலபாடம். 'எக்ஸிட்' அடித்து வெளியே வந்தேன். டீயை வாயில் வைத்திருப்பேன்... மறுபடியும் போன்.

"மச்சா, மறுக்காவும் நிறுத்திப்போட்டீங்களே!"

உள்ளே போனேன். ஓடுகிறது. வெளியே வந்தேன். போன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு — கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். மூன்றாவது போனில் குமரேசன் சொன்னதைக் கேளுங்கள்.

"நீங்க பெரியவருங்க. உங்களை நானு ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க. ஆனா நீங்கதானுங்க நிறுத்தறீங்க."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நானு எதுக்குங்க மாப்ளே நிறுத்தறேன்? உங்க கோழிக்கும் எனக்கும் வாய்க்காத் தகராறா?"

போனை ஜோதி பிடுங்கினாள். அழுகிற குரல்.

"ஏங்ணா, ஓரத்துல இருக்கறதெல்லாம் சாயுதுங்ணா. அவரு ஹோஸ் புடிச்சு அடிச்சுட்டு இருக்காரு, பத்தல. போனை ஸ்பீக்கர்ல போட்டு ஷெட்டுல வெக்கறேன். நீங்க உள்ள வாங்க."

நுழைந்தேன். போனில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஃபாகர் பீய்ச்சுகிற சத்தம்.

"இப்ப வெளிய போங்க."

'எக்ஸிட்' அடித்தேன். சில விநாடிதான்... 'ஸ்ஸ்ஸ்' அடங்கியது. கோழிகள் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உள்ள வாங்க."

'ஸ்ஸ்ஸ்.'

மாப்பிள்ளை சொன்னது சத்தியம். நிறுத்தியது நான்தான்! போத்தனூரில் டீ குடித்துக்கொண்டே, ஆனைமலையில் என் தங்கையின் கோழிகளைக் கொன்றுகொண்டிருக்கிறேன்.

"அண்ணா, வெளிய மட்டும் போயிராதீங்க!"

போவேனா? லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு, செல்போனில் தேடு தேடென்று தேடினேன். லினக்ஸின் குணம் அப்போதுதான் புரிந்தது. டப்பா ஓடுவது என் பெயரில். நான் நுழைந்ததும், 'ஓனர் வந்துட்டாரு' என்று என் வேலைகளையெல்லாம் எழுப்பிவிடும். நான் வெளியே போனதும், 'ஆள்தான் போயாச்சே, இது எதுக்கு?' என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடும். அதனால், சோதிக்கப் போகிறவன் கண்ணுக்கு ஒரு நாளும் கோளாறு தெரியவே தெரியாது!

அப்படியென்றால் இத்தனை நாள் எப்படி ஓடியது? ஐயோ, அதைக் கேட்காதீர்கள். அத்தனை நாளும் நான் லேப்டாப்பை மூடவே இல்லை; உள்ளே நுழைந்தவன் நுழைந்தபடியே இருந்திருக்கிறேன். என் சோம்பேறித்தனம்தான் கோழிகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான், மனிதன் மாதிரி மேஜையைத் துடைத்து, லேப்டாப்பை ஒழுங்காக மூடி வைத்தேன்.

வைத்தியம் என்ன தெரியுமா? ஒரே ஒரு வரி. 'லிங்கர்' என்று ஒரு சங்கதி. இந்த ஆள் போன பிறகும் இவன் வேலை தங்கி ஓடட்டும் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி வைப்பது. அந்த வரிக்கு மட்டும் முதலாளி பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன்.

"ஜோதி, இப்ப வெளிய போறேன்..."

"வேண்டாங்ணா!"

போனேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

'ஸ்ஸ்ஸ்...' நிற்கவில்லை. லேப்டாப்பை மூடினேன். நிற்கவில்லை.

ஓரத்தில் சாய்ந்த சில கோழிகள் எழவே இல்லை. மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டன.

'நான் இல்லாட்டி இங்க ஒண்ணும் நடக்காது' என்று மார்தட்டுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் அந்தக் கட்சிதான். அது நிஜமாகவே நடந்தபோது அல்லவா தெரிந்தது, எவ்வளவு பயங்கரமான விஷயம் என்று!

"இனி நீங்க தாராளமா போலாமுங்க மச்சா," என்றார் குமரேசன். என்னைப் போகச் சொன்னதற்கு முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் ஜோதி ஒரு போட்டோ அனுப்பினாள். நான் கழற்றிப் போட்ட பழைய ஸ்விட்ச், மறுபடியும் சுவரில்.

முன்னைவிட ஸ்குரூ அதிகமாக இருந்தது.